மலைப்பாதையில் தாழ் கியர்: அதன் அமைப்பும் பயன்படுத்தும் முறையும்

கண்டி நகரைச் சூழ்ந்த மலைப்பகுதியில் விளையும் பொருள் எதுவாயினும், சந்தையை அடையுமுன் ஒரு சரிவை இறங்கியே ஆகவேண்டும். தேயிலைக் கொழுந்து, மிளகு, கராம்பு, மரக்கறி ஆகிய யாவும் இவ்வாறே வருகின்றன. பசளை, விதை, சுண்ணாம்பு முதலியன அதே சரிவில் மேலே ஏற்றப்படுகின்றன. பெருந்தெருக்கள் பொதுவாக நன்கு அமைந்துள்ளன. ஆனால் பெருந்தெருவிலிருந்து பிரிந்து தோட்டத்துக்கும் கிராமத்துக்கும் செல்லும் கடைசிச் சில கிலோமீற்றர் தூரமே கமக்காரருக்குத் தொல்லை தருவது. கல்லும் பள்ளமும் நிறைந்து, மழையில் வழுக்கி, வளைவுக்கு வளைவு செங்குத்தாகும் அப்பாதையில் வண்டி பழுதுறுவதும் பிறேக்குத் தவறுவதும் நேர்கின்றன.

நான்கு சில்லுகளாலும் இயங்கும் ஜீப், லாண்ட் ரோவர் போன்ற வண்டிகளில் இதற்கெனவே ஒரு துணைக் கியர் அமைந்துள்ளது. சாரதிகள் இதனை ‘லோ’ என்பர். இப்பிரசுரத்தில் இது தாழ் கியர் எனப்படும். வண்டி சேற்றிற் புதைந்தபின் அதனை வெளியே இழுப்பதற்கு மட்டுமே இது உதவும் எனப் பலரும் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறானது. தாழ் கியரின் முதற்பயன் வண்டியை மெதுவாகச் செலுத்துவதாகும். ஏற்றத்தில் அது கிளச்சையும், இறக்கத்தில் பிறேக்கையும், அதன்வழி வண்டியிலுள்ளோரின் உயிரையும் காக்கிறது.

சரிவு கேட்கும் பலம்

1867ஆம் ஆண்டில் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. கடுகண்ணாவை மலையில் ஏறும் இருப்புப்பாதையை அமைத்தோர், 45 அடி தூரத்துக்கு 1 அடி உயரும் சரிவில் அதனை அமைத்தனர். இச்சரிவில் 2,000 கிலோகிராம் நிறையுள்ள வண்டியைப் பின்னோக்கி இழுக்கும் விசை ஏறக்குறைய 44 கிலோகிராம் மட்டுமே.

தோட்டப் பாதைகளும் கிராமப் பாதைகளும் அவ்வாறு அளந்து வெட்டப்பட்டவை அல்ல. 5 அடிக்கு 1 அடி உயரும் இடங்கள் அவற்றில் உண்டு. அத்தகைய சரிவில் அதே வண்டியைப் பின்னிழுக்கும் விசை ஏறக்குறைய 390 கிலோகிராம் ஆகும். அதாவது இருப்புப்பாதையில் உள்ளதைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்காகும். கல்லின்மேல் சில்லு ஏறுவதற்கும் மென்மண்ணில் உருள்வதற்கும் வேண்டிய விசை இதற்கு மேலதிகம். சரிவு ஒவ்வொரு அடி கூடும்போதும் எஞ்சினின் சுமை எவ்வளவு விரைவாகக் கூடுகிறது என்பதை இதனால் அறியலாம்.

அலவாங்கும் பற்சில்லும்

நிலத்திற் புதைந்த பெருங்கல்லைக் கையாற் புரட்ட முடியாதவர், அலவாங்கைக் கொண்டு எளிதிற் புரட்டுகிறார். அலவாங்கின் கைப்பிடி இரண்டு முழம் தாழும்போது, கல் இரண்டு விரற்கடையே உயர்கிறது. தூரத்தைக் கொடுத்துப் பலத்தைப் பெறுவதே அலவாங்கின் இயல்பு. பற்சில்லும் அவ்வியல்பினதே. சிறிய பற்சில்லொன்று பெரிய பற்சில்லைச் சுழற்றும்போது, பெரியது மெதுவாகச் சுழல்கிறது. ஆனால் மிகுந்த பலத்துடன் சுழல்கிறது. சிறியது மூன்று முறை சுழலப் பெரியது ஒருமுறை சுழலுமாயின், பற்சில்லு விகிதம் 3 எனப்படும். அப்போது வேகம் மூன்றிலொரு பங்காகக் குறைந்து, திருப்பு விசை ஏறக்குறைய மூன்று மடங்காகக் கூடும்.

சாதாரண வண்டியில் இவ்வாறு வேகங் குறையும் இடங்கள் இரண்டு. ஒன்று கியர்ப் பெட்டி; மற்றையது அச்சிலுள்ள டிபரென்சல். மலைப்பாதைக்கென அமைந்த வண்டியில் மூன்றாவது இடம் ஒன்று உண்டு. கியர்ப் பெட்டியின் பின்னே பொருத்தப்பட்டுள்ள இதனைக் கராஜ்களில் ‘ரான்ஸ்பர் பெட்டி’ என்பர். இப்பெட்டிக்கு இரு தொழில்கள் உள்ளன. எஞ்சினின் பலத்தை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பகிர்ந்து அனுப்புதல் ஒன்று. சாதாரண ஓட்டத்துக்கு உயர் கியரையும், கடினமான பாதைக்குத் தாழ் கியரையும் தருதல் மற்றொன்று. எனவே நான்கு கியர்கள் உள்ள வண்டி, உண்மையில் எட்டுக் கியர்கள் உள்ள வண்டியாகிறது.

கண்டிக்கு வந்த ஜீப்பும் லாண்ட் ரோவரும்

இரண்டாம் உலகப் போரின்போது, 1944ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் புதுதில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றப்பட்டுப் பேராதனைப் பூங்காவில் அமைந்தது. அக்காலத்தில் நேசநாட்டுப் படைகளின் பொது வாகனமாய் விளங்கியது ஜீப். வில்லிஸ் ஜீப்பின் முதற் கியர் விகிதம் 2.665, ரான்ஸ்பர் பெட்டியின் தாழ் விகிதம் 1.97, அச்சின் விகிதம் 4.88. இம்மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 25.6 வரும். அதாவது எஞ்சின் 25 முறைக்கு மேற் சுழன்றால்தான் சில்லு ஒருமுறை சுழலும். இப்பெருக்குத் தொகையே வண்டியின் மொத்த விகிதம் ஆகும். வண்டி எவ்வளவு மெதுவாக ஊர வல்லது என்பதைக் காட்டும் அளவுகோல் இதுவே.

போர் முடிந்தபின், கமத்தொழிலுக்குப் பயன்படத்தக்க வண்டியொன்றை அமைக்கும் நோக்குடன் இங்கிலாந்தின் ரோவர் கம்பெனி லாண்ட் ரோவரை உருவாக்கி, 1948ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஆம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் வெளியிட்டது. 1958ஆம் ஆண்டில் இதன் இரண்டாம் வரிசை வந்தது. தோட்டங்களிலும் மலைக் கிராமங்களிலும் இவ்வண்டிகள் நன்கு அறிமுகமாயின. பிற்காலத்தில் டிபென்டர் என்ற பெயரைப் பெற்ற அப்பழைய வடிவின் உற்பத்தி 2016ஆம் ஆண்டு ஜனவரியில் நின்றுவிட்டபோதிலும், பழுது பார்க்கப்பட்ட பழைய வண்டிகள் மலைநாட்டில் இன்றும் ஓடுகின்றன. நக்கிள்ஸ் மலைத்தொடரில் ஹுன்னஸ்கிரியவிலிருந்து லூல்வத்தை வழியாகக் கோர்பெட் கணவாயைக் கடந்து மீமுரே கிராமத்துக்கு இறங்கும் பாதை போன்ற இடங்களில், நெடுங்காலமாக மக்களுக்குக் கைகொடுத்தவை இத்தகைய வண்டிகளே.

அமெரிக்காவில் பாறைகளின் மேல் வண்டியை ஊர்ந்து ஏற்றுவது ஒரு விளையாட்டாகவே வளர்ந்துள்ளது. கலிபோர்னியாவிலுள்ள ரூபிகன் என்னும் பாறைப் பாதை இதற்குப் பெயர் பெற்றது. அப்பாதையின் பெயரால் 2003ஆம் ஆண்டில் வெளிவந்த ஜீப் வண்டியின் ரான்ஸ்பர் பெட்டியில் தாழ் விகிதம் 4 ஆக உயர்த்தப்பட்டது. அங்கே விளையாட்டுக்கு வேண்டப்படும் மெதுவான ஓட்டம், இங்கே கொழுந்து மூடைக்கும் நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டிக்கும் அன்றாடத் தேவையாகும்.

ஒரு சிறு கணக்கு

இரண்டாம் வரிசை லாண்ட் ரோவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் முதற் கியர் விகிதம் 2.996. அச்சின் விகிதம் 4.7. ரான்ஸ்பர் பெட்டியின் உயர் விகிதம் 1.148, தாழ் விகிதம் 2.888. இவற்றின்படி முதற் கியரில் மொத்த விகிதம், உயர் நிலையில் 16.2 ஆகவும் தாழ் நிலையில் 40.7 ஆகவும் இருக்கும். சில்லு ஒருமுறை உருண்டால் வண்டி ஏறக்குறைய 2.25 மீற்றர் நகரும் எனக் கொண்டால், பின்வரும் வேகங்கள் கிடைக்கும்.

எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 முறை சுழலும்போது: உயர் நிலை முதற் கியரில் மணிக்கு 8.3 கிலோமீற்றர், தாழ் நிலை முதற் கியரில் மணிக்கு 3.3 கிலோமீற்றர்.

எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 முறை சுழலும்போது: உயர் நிலை முதற் கியரில் மணிக்கு ஏறக்குறைய 21 கிலோமீற்றர், தாழ் நிலை முதற் கியரில் மணிக்கு ஏறக்குறைய 8 கிலோமீற்றர்.

இவ்வண்டியின் 2.25 லீற்றர் பெற்றோல் எஞ்சின் தன் முழுத் திருப்பு விசையையும் தருவது 2,500 சுழற்சியிலாகும். முன் கூறிய 5 அடிக்கு 1 அடி சரிவில் பாரத்துடன் ஏறுவதற்கு உயர் நிலை முதற் கியரும் கணக்கின்படி போதுமானதே. ஆயினும் அதற்கு வண்டி மணிக்கு 21 கிலோமீற்றர் வேகத்தில் ஓட வேண்டும். கல்லும் குழியும் நிறைந்த பாதையில் அவ்வேகத்திற் செல்லும் வண்டி துள்ளிப் பாதையை விட்டு விலகும். மெதுவாகச் செல்ல விரும்பும் சாரதி என்ன செய்கிறார்? எஞ்சினை வேகமாகச் சுழலவிட்டுக் கிளச்சைப் பாதி அமுக்கிப் பிடிக்கிறார். அப்போது மிஞ்சும் வேகம் முழுவதும் கிளச்சுத் தட்டில் உராய்ந்து சூடாகிறது. கருகிய மணம் எழுவது இதனாலேயே. தொடர்ந்து இவ்வாறு ஓடினால் கிளச்சுத் தட்டை விரைவில் மாற்ற வேண்டிவரும்.

தாழ் கியரில் இத்தொல்லை இல்லை. கிளச்சை முற்றாக விட்டுவிட்டு, எஞ்சின் தன் நல்ல சுழற்சியிலேயே இருக்க, வண்டி மனிதன் நடக்கும் வேகத்திலோ அதனினும் மெதுவாகவோ ஏறும். ஒவ்வொரு கல்லையும் பார்த்துச் சில்லை வைப்பதற்குச் சாரதிக்கு நேரம் கிடைக்கும். தாழ் கியர் தரும் பெருநன்மை இதுவே.

தண்டுகளைக் கையாளும் முறை

பழைய லாண்ட் ரோவரில் வழமையான கியர்த் தண்டைவிட வேறு இரு தண்டுகள் உண்டு. சிவப்புக் குமிழுள்ள தண்டு உயர் நிலைக்கும் தாழ் நிலைக்கும் உரியது. முன்னே தள்ளினால் உயர் நிலை. பின்னே இழுத்தால் தாழ் நிலை. நடுவில் நின்றால் எதனிலும் இணையாத வெறுநிலை. மஞ்சட் குமிழுள்ள தண்டை அமுக்கினால், உயர் நிலையிலும் முன் அச்சு இணைந்து நான்கு சில்லுகளும் இயங்கும். தாழ் நிலைக்கு மாற்றும்போது நான்கு சில்லு இயக்கம் தானாகவே இணைந்துவிடும். தாழ் கியரின் மிகுந்த திருப்பு விசையைப் பின் அச்சொன்றே தாங்குமாறு விடாது, இரு அச்சுகளுக்கும் பகிர்ந்து கொடுப்பதற்காகவே இவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது.

உயர் நிலையிலிருந்து தாழ் நிலைக்கு மாற்றுமுன் வண்டியை முற்றாக நிறுத்துக. கிளச்சை முழுவதும் அமுக்கித் தண்டை உறுதியாக இழுக்குக. பற்கள் ஒன்றோடொன்று பொருந்தாது தடுத்தால், வலிந்து இழுத்தல் ஆகாது. கிளச்சை ஒருமுறை சிறிது விட்டு மீண்டும் அமுக்கினால் தண்டு இலகுவாக விழும். புதிய வண்டிகளில் தண்டுக்குப் பதிலாகப் பொத்தானோ சுழற்குமிழோ இருக்கலாம். அவற்றுக்கு வண்டியின் கைந்நூல் கூறும் முறையைப் பின்பற்றுக.

ஏற்றத்தில் கவனிக்க வேண்டியவை

பாதை கடினமாகும் இடத்துக்கு முன்னரே, சமதரையில் நிறுத்தித் தாழ் கியரை இடுதல் வேண்டும். பாதி ஏறியபின் மாற்ற முயல்பவர் பின்னோக்கி உருள்வார். முடிந்தவிடத்து வண்டியிலிருந்து இறங்கி, பாதையை நடந்து பார்த்துவிட்டு ஏறுவது நன்று. சரிவை நேராகவே ஏறுக. குறுக்காகச் செல்லும் வண்டியின் பாரத்திற் பெரும்பகுதி கீழ்ப்புறச் சில்லுகளில் தங்குமாகையால் அது புரளக்கூடும். பாறைப்படி ஒன்று எதிர்ப்படின், அதனை இரு சில்லுகளுக்கும் நடுவே விட்டுச் செல்லாது, ஒரு சில்லை அதன்மீது மெல்ல ஏற்றிச் செல்வதே சாலச் சிறந்தது. நடுவே விட்டால் டிபரென்சல் பெட்டி கல்லில் மோதி உடையும்.

ஏற்றத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் பதற்றமடைதல் ஆகாது. கிளச்சை அமுக்கி வண்டியைப் பின்னோக்கி உருளவிடுதல் மிகப் பெரிய தவறாகும். காற்பிறேக்கையும் கைப்பிறேக்கையும் இட்டு வண்டியை நிறுத்துக. பின்னோக்கும் கியரை இட்டுக் கிளச்சை மெல்ல விடுக. வண்டி கியரில் தங்கிய பின்னர் பிறேக்கைத் தளர்த்துக. பழைய வண்டிகளில் கியரில் இருந்தவாறே எஞ்சினை இயக்கலாம். வண்டி எஞ்சினின் பிடியிலேயே, நேர்க்கோட்டில், மெதுவாகப் பின்னிறங்கும்.

தாழ் கியர் பலத்தைத் தருமேயன்றி நிலத்திற் பிடிப்பைத் தராது. ஒரு சில்லு காற்றில் தூங்கினாலோ வழுக்கும் சேற்றிற் சுழன்றாலோ, டிபரென்சல் பலத்தை அதற்கே அனுப்பிவிடும். அப்போது மேலும் வேகங்கொடுப்பதாற் பயனில்லை. திடீரெனப் பிடிப்புக் கிடைக்குமிடத்து அச்சுத் தண்டு முறியவுங்கூடும். காலை எடுத்துவிட்டு, சில்லின் கீழ்க் கல்லோ பலகையோ இட்டபின் மீண்டும் மெல்ல முயல வேண்டும்.

இறக்கமே பெரிய சோதனை

ஏற்றத்தில் தவறு செய்பவரின் வண்டி பெரும்பாலும் நின்றுவிடும். இறக்கத்தில் தவறு செய்பவரின் வண்டி நிற்பதில்லை. ஆகையால் இப்பகுதியை வண்டி செலுத்துவோர் அனைவரும் ஊன்றிப் படித்தல் வேண்டும்.

2,000 கிலோகிராம் நிறையுள்ள வண்டியொன்று 300 மீற்றர் உயரத்திலிருந்து கீழே இறங்கும்போது, அதன் நிறையினால் வெளிப்படும் சக்தி முழுவதையும் ஏதேனும் ஒன்று ஏற்றாக வேண்டும். பிறேக்கு மட்டுமே அதனை ஏற்குமாயின், அங்கே பிறக்கும் வெப்பம் ஏறக்குறைய 19 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. சில கிலோகிராம் இரும்பும் சிறிதளவு உராய்வுப் பட்டையும் இவ்வளவு வெப்பத்தைத் தாங்குவது எங்ஙனம்? முதலில் பட்டை சூடேறிப் பிடிப்பை இழக்கும். பின்னர் பிறேக்கு எண்ணெயிற் கலந்துள்ள ஈரம் ஆவியாகும். அப்போது மிதி தரைவரை தாழ்ந்தாலும் வண்டி நிற்காது. பிறேக்கு ‘திடீரெனத்’ தவறியது எனப் பின்னர் கூறுவர். உண்மையில் அது மேலிருந்து கீழ்வரை சிறிது சிறிதாகவே தவறியது.

தாழ் கியரில் இறங்கும் வண்டியில் அவ்வேலையை எஞ்சின் ஏற்கிறது. வேகங்கொடுக்கும் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டால், சில்லுகள் எஞ்சினைச் சுழற்ற வேண்டியதாகிறது. மொத்த விகிதம் 40 எனின், சில்லு ஒருமுறை சுழல எஞ்சின் 40 முறை சுழல வேண்டும். அத்தடையே வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. பிறேக்கு ஓய்வாய் இருந்து, ஒரு பிள்ளையோ மாடோ வளைவில் எதிர்ப்படும் வேளைக்குக் குளிர்ந்த நிலையிற் காத்திருக்கும்.

எந்தக் கியரில் ஏற வேண்டிவருமோ, அந்தக் கியரிலேயே அச்சரிவை இறங்குக. கியரை உச்சியிலேயே தெரிந்துகொள்ளல் வேண்டும். 1971ஆம் ஆண்டுக்கு முற்பட்ட லாண்ட் ரோவர்களில் முதலிரு கியர்களும் ஓட்டத்தில் இலகுவாகப் பொருந்தும் அமைப்பை உடையன அல்ல. இறக்கத்தின் நடுவே மாற்ற முயன்றால், பழைய கியரும் இன்றிப் புதிய கியரும் இன்றி வண்டி வெறுநிலையில் ஓடும். எவ்வகை வண்டியாயினும் இறக்கத்திற் கிளச்சை அமுக்குதலும், எண்ணெய் மிச்சம் பிடிக்கும் ஆசையால் வெறுநிலையில் உருளவிடுதலும் உயிருக்கு உலை வைக்கும் செயல்களாகும்.

ஈரமான களிமண் இறக்கத்தில் சில்லுகள் சுழலாது வழுக்கத் தொடங்கினால், பிறேக்கை மேலும் அமுக்க வேண்டாம். வேகமிதியை மிகச் சிறிதளவு அமுக்கினால் சில்லுகள் மீண்டும் உருண்டு பிடிப்பைப் பெறும். திருப்புசில்லு அப்போதுதான் சொற்படி கேட்கும்.

நிறுத்தி வைக்கும்போது

பழைய லாண்ட் ரோவரின் கைப்பிறேக்குச் சில்லுகளிற் பொருத்தப்பட்டதன்று. அது ரான்ஸ்பர் பெட்டியின் பின்னுள்ள சுழல்தண்டைப் பிடிப்பது. பின்சில்லு ஒன்றைச் ஜக்கினால் உயர்த்தினால், டிபரென்சலின் இயல்பினால் மற்றைய சில்லு உருண்டு வண்டி நகரக்கூடும். ஆதலின் சரிவிற் சில்லு மாற்றுவோர் ஏனைய சில்லுகளுக்குக் கட்டாயமாகக் கல் வைத்தல் வேண்டும். வண்டியைக் கியரில் இட்டு நிறுத்துவோரும், சிவப்புத் தண்டு வெறுநிலையில் இல்லை என்பதை உறுதிசெய்க. அது வெறுநிலையில் இருப்பின், கியர் இட்டும் இடாததற்கு ஒப்பாகும்.

கடினமான தெருவில் தாழ் கியர் வேண்டாம்

நடு டிபரென்சல் இல்லாத வண்டிகளில், நான்கு சில்லு இயக்கத்தின்போது முன் அச்சும் பின் அச்சும் ஒரே அளவாகச் சுழலும். வளைவில் முன்சில்லுகள் பின்சில்லுகளைவிடக் கூடிய தூரம் ஓட வேண்டியவை. மண்ணிலும் கல்லிலும் சில்லுகள் சிறிது வழுக்கி இவ்வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்த்தெருவில் அவ்வாறு வழுக்க இயலாமையால், சுழல்தண்டுகள் முறுக்கேறி, ரயர் தேய்ந்து, பற்சில்லுகள் பழுதுறும். எனவே பெருந்தெருவை அடைந்ததும் வண்டியை நிறுத்தி உயர் நிலைக்கும் இரு சில்லு இயக்கத்துக்கும் மாற்றுதல் வேண்டும்.

உழவு இயந்திரங்களுக்கும் இதுவே விதி

ஜீப் இல்லாத கமக்காரரும் இவ்விதியை அறிந்திருத்தல் நன்று. மாசி பெர்குசன் 135 போன்ற நாற்சில்லு உழவு இயந்திரங்களில், கியர்த் தண்டோடு உயர் நிலைக்கும் தாழ் நிலைக்கும் உரிய தண்டொன்றும் உள்ளது. தாழ் நிலையில் வேகம் நான்கிலொரு பங்காகும். ரெயிலரில் பாரமேற்றி மலைச்சரிவில் இறங்குமுன் தாழ் நிலையை இட்டு, இரு பிறேக்கு மிதிகளையும் ஒன்றாகப் பூட்டிவிடல் வேண்டும்.

இருசில்லு உழவு இயந்திரத்தில் இன்னொரு ஆபத்து மறைந்துள்ளது. அதன் கைப்பிடிகளிலுள்ள திருப்பு கிளச்சுகளில் இடப்பக்கத்ததைப் பிடித்தால், இடச்சில்லின் இயக்கம் விடுபட்டு இயந்திரம் இடப்புறம் திரும்பும். இது சமதரைக்கும் ஏற்றத்துக்கும் பொருந்தும். இறக்கத்தில் பாரமேற்றிய ரெயிலர் பின்னின்று தள்ளும்போது, விடுபட்ட இடச்சில்லு வேகமாக உருள, எஞ்சினால் தடுக்கப்பட்ட வலச்சில்லு பின்தங்கும். விளைவாக இயந்திரம் வலப்புறம் திரும்பிவிடும்! பழகிய கையே சாரதியைப் பள்ளத்தில் தள்ளும். எனவே செங்குத்தான இறக்கத்தில் மிகக் குறைந்த கியரை முன்னரே இட்டு, திருப்பு கிளச்சுகளைத் தொடாது, கைப்பிடியை உடல் பலத்தாலேயே திருப்புதல் வேண்டும். ரெயிலரின் மூடைகள் மீது ஆட்களை ஏற்றிச் செல்லுதல் முற்றாக விலக்கத்தக்கது.

பாதையும் மண்ணும்

வேகமாக ஏற முயன்று சுழலும் சில்லு, பாதையின் மேற்பரப்பைக் கிளறிப் பள்ளமாக்குகிறது. அடுத்த மழையில் அப்பள்ளமே வாய்க்காலாகி மண்ணை அரித்துச் செல்லும். ஐப்பசி, கார்த்திகை மாத மழைக்குப்பின் பாதை கற்படுக்கையாய் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். மண் அரிப்பைத் தடுக்கும் நோக்குடன் இந்நாட்டில் 1951ஆம் ஆண்டிலேயே மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. மலைச்சரிவில் வான்கட்டி நடுபவர், தம் வண்டி செல்லும் பாதையையும் அதே கண்ணோடு நோக்குதல் வேண்டும். தாழ் கியரில் ஊரும் சில்லு மண்ணைக் கிளறாது அமுக்கிச் செல்லும். பாதையின் உட்புறக் கானைத் துப்புரவாக வைத்து, குறுக்கு வடிகால்களை அடைபடாது காப்பதும் பயன் தரும்.

பராமரிப்பும் தெரிவும்

பழைய லாண்ட் ரோவரில் ரான்ஸ்பர் பெட்டிக்கெனத் தனி எண்ணெய் உண்டு. கியர்ப் பெட்டியின் எண்ணெயைப் பார்த்தவர் இதனையும் பார்த்ததாக எண்ணிவிடலாகாது. ஆற்றையோ ஓடையையோ கடந்து வந்தபின் எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின், தண்ணீர் புகுந்துள்ளது என அறிந்து உடனே மாற்றுக. நெடுநாள் பயன்படுத்தப்படாத தண்டுகள் துருவேறி இறுகிவிடும். ஆகவே மாதம் ஒருமுறையேனும் மண்பாதையில் தாழ் கியரை இட்டுச் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தல் வேண்டும்.

பழைய வண்டி வாங்குவோர் ‘நாற்சில்லு இயக்கம்’ என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்குதல் தகாது. நான்கு சில்லுகளாலும் இயங்கும் கார்களிலும் வான்களிலும் பலவற்றில் தாழ் கியர் கிடையாது. தாழ் கியருக்குரிய தண்டோ பொத்தானோ உண்டா என்று பார்த்து, அதனை இட்டு, சரிவொன்றில் காலை எடுத்துவிட்டு இறங்கிப் பார்த்த பின்னரே விலை பேசுக. தாழ் கியரில் இறங்கும்போது தண்டு தானே வெளியே குதிக்குமாயின், பற்சில்லுகளோ அவற்றை நகர்த்தும் கவையோ தேய்ந்துள்ளன என்பது பொருள்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. தாழ் கியரைச் சரிவு தொடங்குமுன், வண்டியை நிறுத்தி இடுக.

2. ஏற்றத்தில் கிளச்சைப் பாதி அமுக்கிப் பிடிக்க வேண்டாம்.

3. ஏறிய கியரிலேயே இறங்குக. இறக்கத்திற் கிளச்சையோ கியர்த் தண்டையோ தொட வேண்டாம்.

4. பிறேக்கை எதிர்பாரா இடருக்காகக் குளிர்ச்சியாக வைத்திருக்க.

5. சரிவை நேராக ஏறி நேராக இறங்குக.

6. காய்ந்த தார்த்தெருவில் தாழ் கியரை நீக்குக.

7. பாரத்தின் மீது எவரையும் ஏற்ற வேண்டாம்.

தோட்டத்திலிருந்து பெருந்தெருவுக்கு இறங்கும் இரண்டு கிலோமீற்றர் தூரத்தை மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்திற் கடப்பவருக்கு 6 நிமிடம் செல்லும். மணிக்கு 6 கிலோமீற்றர் வேகத்தில் ஊர்பவருக்கு 20 நிமிடம் செல்லும். இடையிலுள்ள 14 நிமிடமே தாழ் கியர் கேட்கும் கூலி. வண்டியும் விளைபொருளும் அதிலிருப்போரும் குறையின்றிச் சந்தையை அடைவதற்கு இக்கூலி மிகச் சிறிதேயாகும். உழவு இயந்திரங்களை மலைச்சரிவிற் பயன்படுத்துவது பற்றி மேலும் அறிய விரும்பும் கமக்காரர், தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகி ஆலோசனை பெறலாம்.